மாமியார் வீட்டுக்குப் போன படகு

கொக்குத்திட்டில் ஒருவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு துறைக்கு இறங்கும்போது, எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் போன காரியம் உருப்படாது. அப்படியும் வாய்தவறி ஒருவர் கேட்டுவிட்டால் பதில் ஒன்றே ஒன்றுதான்: "மாமியா வூட்டுக்கு." கல்யாணம் ஆகாதவனும் மாமியார் வீட்டுக்குத்தான் போவான். மாமியார் செத்துப் பல வருஷம் ஆனவனும் அங்கேதான் போவான். கேட்டவர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒதுங்கிக்கொள்வார். போகிற இடத்தைச் சொன்னால் மீன் கேட்டுவிடும். அதைவிட முக்கியமாக, அடுத்த வீட்டுக்காரன் கேட்டுவிடுவான். அந்த ஊரில் சந்தேகப்படுவதை யாரும் கெட்ட குணமாக நினைப்பதில்லை. பல் விளக்குவது போல அது ஒரு பழக்கம்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் கேள்வி கேட்கிற படகு ஒன்றைக் கொண்டுவந்து கட்டினார்கள்.

பழவேற்காடு ஏரிக்குள் கிடக்கும் திட்டு அது. பாலமில்லை, பாதையில்லை. அரிசி வாங்கவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் ஏரியைக் கடந்தாக வேண்டும். பறவைகளுக்கு ஆகாது என்று டீசல் படகுகளை ஏரியில் தடைசெய்த வருஷம், ஒரு கம்பெனி வெயிலில் ஓடும் ஆளில்லாப் படகை இலவசமாகக் கொடுத்தது. ஆழம் பார்க்கும், காற்றுப் பார்க்கும், பேசும், பேசியதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும். முதல் நாள் விடியலில் ஊர்த்தலைவர் தேசப்பன் தேங்காய் உடைத்துவிட்டு முதல் ஆளாக ஏறினார். படகு வாயைத் திறந்தது.

"வணக்கம். எங்கே போக வேண்டும்?"

தேசப்பன் உடைத்த தேங்காயை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க ஒருவரும் அதில் ஏறவில்லை.

பிறகு கம்பெனி ஆள் வந்து சமாதானம் சொன்னான். அது பச்சைக் குழந்தை மாதிரி, கோபப்படாமல் எது மரியாதை எது மரியாதையில்லை என்று வாயால் சொல்லிக் கொடுங்கள், ஊர்க்காரர்கள் சொன்னால் பிடித்துக்கொள்ளும் என்றான். அப்படியே ஆயிற்று. கொஞ்ச நாளில் அது பெண்களை அக்கா என்றது, தேசப்பனைத் தலைவரே என்றது. எங்கே என்று கேட்பதை அடியோடு விட்டுவிட்டு, கையிலிருக்கும் வலையையும் நீரோட்டத்தையும் வைத்துத் தானே ஊகித்துப் புறப்பட்டது. கரை போய்ச் சேரும்வரை ஓயாமல் பேசியதால் ஊர் அதற்கு வாயாடி என்று பெயர் வைத்தது.

வாயாடியைக் கழுவித் துடைப்பது பூஷணத்தின் வேலை. துறையை ஒட்டிய நீல வீடு அவளுடையது. புருஷன் போனபின் நண்டு விற்று ஒற்றை மகள் கோமளாவை வளர்த்தாள். கோமளா கட்டிக்கொண்டது பொன்னேரியில் செல்போன் பழுதுபார்க்கும் தயாளனை. விடுதியில் வளர்ந்த பையன், சொல்லிக்கொள்ள உறவு என்று ஒருவருமில்லை. அதனால் மாமியார் வீட்டோடு வந்துவிட்டான். பூஷணத்துக்கு அவன்மேல் குறையொன்றும் கிடையாது. ஆனாலும் கரையில் பிறந்தவன் கரையில் பிறந்தவன்தான் என்கிற நினைப்பு அவள் மனசின் ஓரத்தில் மண்ணுக்குள் நண்டாகக் கிடந்தது. நண்டு எப்போது வெளியே வரும் என்று அவளுக்கே தெரியாது.

அந்த வருஷம் வேலிகள் வரத் தொடங்கின.

ஊரார் முறைவைத்து வலை போடும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். எது நல்ல பாடு என்பது வெளியாருக்குத் தெரியாது. ஏரியை மேலாகப் பார்த்தால் எல்லா இடமும் ஒரே தண்ணீர்தான். ஆனால் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. முதலில் நெட்டைப் பாட்டில் இறால் வளர்க்கும் மிதவைக் கூண்டுகள் வந்தன, சுற்றிலும் வேலி, கிட்டப் போனால் அலறும் சங்கு. பிறகு சாமியார் பாடு. குத்தகை அரசாங்கம் கொடுத்தது, கேள்வி கேட்க வழியில்லை. ஊர் எங்கே நன்றாக மீன் பிடித்ததோ அங்கே, தேடிப்பிடித்து வந்ததுபோல வேலி வந்தது. கடைசியில் மிச்சமிருந்தது கன்னிமடு ஒன்றுதான். அதுவும் போனால் ஊரைக் காலிசெய்ய வேண்டியதுதான்.

"யாரோ சொல்றாங்க" என்றார் தேசப்பன்.

எல்லோரும் முதலில் சந்தேகப்பட்டது வாயாடியைத்தான். தேசப்பன் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு யோசனை செய்தார். ஒரு மீன் குஞ்சும் எட்டிப் பார்க்காத கழுதைமேட்டுச் சேற்றுப் பக்கம் படகை விட்டு, வலையை விரித்துவிட்டு, ஆண்களெல்லாம் வெற்றிலை மென்று சீட்டாடிவிட்டுத் திரும்பினார்கள். ஒரு வாரம் முழுக்க இதே கூத்து. பிறகு காத்திருந்தார்கள். கழுதைமேட்டுப் பக்கம் ஒரு மிதவைகூட வரவில்லை.

"பாத்தீங்களா? வாயாடி வாயத் தொறக்கல" என்றார் தேசப்பன். "இது மனுசன் வேல."

அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்ப்பது நின்றுபோனது. புதுச்சட்டை போட்டவனைப் பார்த்தார்கள். கரையில் தாமதித்துத் திரும்பியவளைப் பார்த்தார்கள். அக்கம்பக்கத்தில் உப்புக் கடன் கேட்டால்கூட, எதுக்கு வர்றா இவ என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். கோமளாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு வாங்கிய கண்ணாடி வளையல்கள் அலமாரியில் காத்திருந்தன. அழைக்கப் போனால் ஆள் வருமா என்கிற பயத்தில் பூஷணம் நாளைத் தள்ளிக்கொண்டே போனாள்.

அப்படியொரு விடியலில்தான், படகைக் கழுவ வாளியோடு போனவள் தயாளனைப் பார்த்தாள். வாயாடியின் உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் பேச்சுக்குழலுக்கு நெருக்கமாகக் குனிந்து பேசிக்கொண்டிருந்தான். அவள் காலடி கேட்டதும் நிறுத்திவிட்டான்.

"இன்னா மாப்ள, இந்நேரத்துக்கு அதுங்கிட்ட பேச்சு?"

"சும்மாத்தான் அத்த."

"சும்மான்னா?"

அவன் படகைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அப்புறமா சொல்றேன் அத்த" என்று எழுந்து போய்விட்டான்.

அப்புறம் அவன் சொல்லவேயில்லை. மறுநாளும் போனான், அதற்கடுத்த நாளும் போனான். பூஷணம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் நின்று பார்த்தாள். அவன் கை நீட்டி ஏதோ காட்டுவதும், பிறகு தலையாட்டுவதும் தெரிந்தது. ஒருதரம் தன் வீட்டைப் பார்த்தே கை நீட்டினான். கம்பெனிக்குச் செய்தி சொல்ல இதைவிட நல்ல வழி ஏது? கரையில் பிறந்தவன், யந்திரம் தெரிந்தவன், முன்பின் யாரென்று தெரியாதவன். மண்ணுக்குள் கிடந்த நண்டு வெளியே வந்துவிட்டது. தானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் மகள் தலையாவது தப்பும் என்று நினைத்துத் தேசப்பனிடம் போனாள்.

பஞ்சாயத்து வழக்கம்போலத் துறையிலேயே கூடியது. வாயாடி பக்கத்தில் கட்டிக் கிடந்தது.

"அந்தப் படகுகிட்ட இன்னா பேசறே? ஊருக்குச் சொல்லு" என்றார் தேசப்பன்.

"சொல்றேன் தலைவரே. வேற எடத்துக்குப் போயி பேசலாமா? கோயிலாண்ட?"

"ஏன், இங்க சொன்னா இன்னா? இத்தன வருசமா இந்தத் தொறையிலதான் ஞாயம் பேசறோம். ஒனுக்காக எடத்த மாத்தணுமா?"

தயாளன் ஒருமுறை படகைத் திரும்பிப் பார்த்தான். "இங்க சொல்ல முடியாதுங்க" என்றான்.

அவ்வளவுதான். ஊரே ஒரே நேரத்தில் வாய் திறந்தது. ஒருவன் சட்டையைப் பிடித்தான். தேசப்பன் கையைக் காட்டி அடக்கிவிட்டுப் பூஷணத்தைக் கேட்டார்: "நீ சொல்லு. ஒன் கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள். "தெனமும்தான் பேசறாரு. கேட்டா மறைக்கிறாரு."

அன்று சாயங்காலமே தயாளன் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பானது. கோமளா ஒரு பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு அவன் பின்னாலேயே இறங்கினாள்.

"நீ ஏண்டி கெளம்பற? தலப்பிரசவம், தாய் வூட்ல இல்லாம?" பூஷணம் அவள் கையைப் பிடித்தாள்.

"இது தாய் வூடாம்மா?" என்று கையை உருவிக்கொண்டாள் கோமளா. தயாளன் மட்டும், "வர்றேன் அத்த" என்றான். போகிறேன் என்று சொல்லக் கூடாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

எங்கே போகிறீர்கள் என்று கேட்கப் பூஷணத்துக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி கிளம்புகிறாள், கேட்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு வாயாடி போனது. இருட்டிய பிறகு வெறுமையாகத் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு வேலி வரவில்லை. மழைக்காலம் போய்ப் பனியும் வந்துவிட்டது, கன்னிமடுவின் பக்கம் கம்பெனி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊரில் மறுபடி சிரிப்பு கேட்டது. "பாத்தியா, போனான், நின்னுச்சி" என்று தேசப்பன் பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். மருமகனைக் காட்டிக்கொடுத்த பூஷணத்துக்குக் கன்னிமடுவில் வலை போட ஒரு முறை கூடுதலாகக் கொடுத்தார்கள். பெண்கள் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் அதைத் தொடவில்லை. கோமளாவின் எண் உபயோகத்தில் இல்லை என்றது. ஏரியைச் சுற்றிலும் எத்தனையோ துறைகள், எதில் இறங்கினார்களோ. இந்நேரம் குழந்தை பிறந்திருக்கும். ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாத பாட்டியாக அவள் படகைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம், கம்பெனியின் சொந்தப் படகில் ஒருவன் வந்து இறங்கி, நேராக நீல வீட்டுக்கு வந்தான். பிரணவ் என்று பெயர் சொன்னான். இன்ஜினியராம்.

"அம்மா, உள்ள வரலாங்களா? வீட்டைக் கொஞ்சம் பார்க்கணும்."

"இன்னாத்துக்கு?"

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். சமையல்கட்டைப் பார்த்தான், பின்கட்டுக்குப் போய்க் கிணற்றுக்குள் குனிந்து பார்த்தான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் சந்தேகம் கூடியிருந்தது.

"பின்னாடி குளம் கிளம் வெட்டியிருக்கீங்களா?"

"ஏந்தம்பி, வெயில்ல வந்ததுல தலைக்கு எதனா ஆயிடுச்சா?"

"தினமும் சாயங்காலம் கரையிலேர்ந்து உங்க ஊர்ப் படகை ஒரு கேள்வி கேட்போம். இன்னைக்கு எங்க போன, எவ்வளவு கனத்தோட திரும்பினன்னு. கனத்தை ஒழுங்கா சொல்லுது. எங்கன்னு கேட்டா, அஞ்சாறு மாசமா இந்த வீட்டைத்தான் காட்டுது. இங்கேர்ந்து தினம் படகு நிறைய இறால் போகுதாம்!"

பூஷணம் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்ப இத்தினி நாளா சொன்னது... வாயாடியா?"

"அது வேலையே அதுதானேம்மா. ஒப்பந்தத்துல எழுதித்தானே படகு கொடுத்தோம்."

"இல்ல. நாங்க சோதிச்சிப் பாத்தோம். கழுதமேட்ல ஒரு வாரம் நின்னோம். அங்க வேலி வரலியே!"

அவன் சிரித்துவிட்டான். "வெறும் படகாத் திரும்பினீங்க. போகும்போது இருந்த கனம்தான் வரும்போதும். அங்க மீன் இல்லைன்னு அதுக்குத் தெரியாதா? எங்கேர்ந்து படகு கனத்துல அமுங்கி வருதோ, அந்த இடத்துக்குத்தான் வேலி."

கொக்குத்திட்டில் இத்தனை பெரிய ஆண்கள் உட்கார்ந்து சீட்டாடியதை நினைத்து அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"அப்புறம் ஏன் நிறுத்திச்சி?"

"யாரோ கத்துக் கொடுத்திருக்காங்க. குரல் இருக்கு, கேளுங்க."

அவன் போனை அழுத்தினான். விடியற்காலைக் காக்கைகளின் சத்தத்துக்கு நடுவே தயாளன் பேசினான்.

"யாரு எங்க போன எங்க வந்தன்னு கேட்டாலும் சொல்லக் கூடாது. கரையிலேர்ந்து கேட்டாலும்தான். மாமியா வூட்டுக்குன்னு சொல்லணும். அதான் இந்த ஊர் மரியாத."

"சரிங்கண்ணா. மாமியா வூடுன்னா எது?" இது வாயாடி.

"தோ, அந்த நீல வூடு. எங்க அத்த வூடு." கொஞ்சம் இடைவெளி விட்டு, "எனக்குன்னு கீற ஒரே வூடு" என்றான்.

இந்த வீட்டைப் பார்த்து அவன் கை நீட்டியதைத்தான் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பூஷணம் ஊர் நடுவில் சாட்சி சொன்னாள். பாவி, பாவி என்று மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"இத ஏந்தம்பி அவரு ஊருக்குச் சொல்லல?"

"சொன்னா காரியம் கெட்டிருக்கும். பொய் சொல்லக் கூடாதுங்கறது அந்தப் படகோட முதல் விதி. இப்ப அது பொய் சொல்றதா நெனைக்கல, மரியாதை காட்டறதா நெனைச்சிட்டிருக்கு. ஊர்க்காரங்க யாராவது அது காதுல விழற மாதிரி, இது பொய்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். அந்த நிமிஷமே திருத்திக்கும்."

துறையில் பஞ்சாயத்துக் கூடியதும், வேறு இடத்துக்குப் போகலாமா என்று அவன் கேட்டதும் அவளுக்கு நினைவு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நினைத்த அந்த மௌனம்தான் ஊரைக் காப்பாற்றியிருக்கிறது.

"நீயே சொல்லிட வேண்டியதுதான அதுங்கிட்ட?"

"நாங்க சொன்னா எடுத்துக்காதும்மா. ஊர் வழக்கத்தை ஊர்தான் திருத்தணும்னு சட்டம். அதான் உங்ககிட்ட வந்தேன்." பிரணவ் குரலைத் தாழ்த்தினான். "உங்க பொண்ணும் மாப்பிள்ளையும் எங்க இருக்காங்க?"

"தெரியாது."

"படகுக்குத் தெரியும். எந்தத் துறையில இறங்கினாங்கங்கறது உள்ளே இருக்கு. நீங்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்க. அடுத்த நிமிஷம் கேளுங்க, உண்மையைச் சொல்லிடும். என் படகுலயே கூட்டிட்டுப் போறேன். பேரக்குழந்தையைப் பார்க்க வேணாமா?"

அலமாரியில் வளையல்கள் அப்படியே இருந்தன. பூஷணம் வெகுநேரம் அவற்றையே பார்த்தாள். உண்மையைச் சொல்லும் படகு கோமளாவைக் காட்டும். கன்னிமடுவையும் காட்டும்.

"நீ கெளம்பு தம்பி" என்றாள்.

"யோசிச்சு..."

"கெளம்புன்னேன்."

"நீங்க சொல்லலைன்னா வேற யாராவது சொல்லுவாங்க" என்று அவன் கோபமாகப் போனான். போகிற வழியில் நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். வெளியூர்க்காரன் விசாரிக்கிறான் என்றதும் நாலு பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

பூஷணம் தேசப்பனைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு மண்ணைக் கிளறினார்.

"ஊரக் கூட்டிச் சொல்லுங்கண்ணே. அவரு மேல தப்பில்லன்னு சொல்லுங்க. எங்கயாச்சும் காதுல விழுந்து திரும்பி வருவாங்க."

"எப்படிம்மா சொல்றது? அத்தினி பேர் வாயி. படகுல ஏறினா பேசாம வருவாங்களா? எவனாச்சும் ஒருத்தன், 'ஏ வாயாடி, இன்னாமா பொய் சொல்றே நீ'ன்னு பாராட்டிட்டாப் போச்சி." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் புள்ள கெட்டவனாவே இருக்கணும் பூசணம். வேற வழி தெர்ல எனக்கு."

பூஷணம் வீட்டுக்கு நடந்தாள். அவனைக் கெட்டவனாக்கியது அவள் வாய்தானே.

சாயங்காலம் வாளியும் துணியுமாகத் துறைக்கு வந்தாள். வலைகாரர்கள் போய்விட்டிருந்தார்கள். வாயாடியின் மேல்பலகையில் படிந்த உப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"இன்னிக்கி லேட்டுக்கா" என்றது வாயாடி.

"ஆமா. வாயாடி, அன்னிக்கி கோமளாவ இட்டுக்கினு போனியே, அவ அழுதாளா?"

"அழுதாங்கக்கா. ரொம்ப நேரம் அழுதாங்க. அண்ணன்தான் சமாதானம் பண்ணிக்கினே வந்தாரு."

இதற்கு மட்டும் மரியாதை பார்க்கத் தெரியவில்லை அதற்கு. பூஷணம் துணியைப் பிழிந்தாள். அவள் பிறந்ததிலிருந்து எவரிடமும் கேட்காத கேள்வி ஒன்று பாக்கியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அவங்கள எங்க எறக்கி வுட்ட?"

வாயாடி பணிவாக, கற்றுக்கொடுத்தவனின் இழுவையோடு சொன்னது: "மாமியா வூட்லதான்கா."

பூஷணம் திரும்பி நீல வீட்டைப் பார்த்தாள். கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. அந்த ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்து நின்றது. சொன்னால் போதும், ராத்திரிக்குள் குழந்தையை மடியில் வாங்கிவிடலாம். அவள் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த வார்த்தையை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

"சரி" என்றாள்.

பிறகு துடைக்காமல் விட்டிருந்த மறுபாதிப் பலகையைத் துடைக்கத் தொடங்கினாள்.